கிராகோவ் ஹாஸ்டல்: கட்டிலுக்கு மூன்று நட்சத்திரம், சமையலறைக்கு ஐந்து

போலந்தின் கிராகோவில் தங்க இடம் தேடுகிறவர்கள் முன்பதிவுத் தளத்தில் கட்டில் படத்தையும் பார் படத்தையும் தாண்டிப் போய், முதலில் சமையலறைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்பு எத்தனை, மேசை எவ்வளவு நீளம், உட்கார நாற்காலி போதுமா, இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஏறக்குறைய எல்லா ஹாஸ்டலிலும் ஒன்றுதான். நான் தங்கிய இடத்தின் பெயரை இங்கே போடவில்லை, ஏனென்றால் குறைகளையும் சொல்லப் போகிறேன். பழைய யூதக் குடியிருப்பான காஜிமியெஷ் பகுதியின் ஓரத்தில், பெரிய சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் இதே மாதிரி பழைய கட்டடங்களில் நடக்கும் சின்ன ஹாஸ்டல்கள் நிறைய இருப்பதால், நான் சொல்வதில் பாதி அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் குறைகள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மரப்படி, மிதிக்கும்போதெல்லாம் முனகும், அதனால் இரவு இரண்டு மணிக்கு யார் வருகிறார்கள் என்பது மொத்தக் கட்டடத்துக்கும் தெரியும். எட்டுப் பேர் அறை, இரும்பு அடுக்குக் கட்டில், திரைச்சீலை இல்லை. மேல் கட்டிலில் படுப்பவருக்கு செல்போன் சார்ஜ் போட இடமே இல்லை, கீழே இருப்பவரிடம் கெஞ்ச வேண்டும். கட்டிலுக்கு அடியில் பெட்டி மாதிரி ஒரு லாக்கர் இருக்கிறது, பூட்டு நாம்தான் கொண்டுபோக வேண்டும். துண்டுக்குத் தனி வாடகை. சாவிக்கு முன்பணம் வாங்குவார்கள், கிளம்பும்போது திருப்பித் தந்துவிடுவார்கள், ஆனால் வரவேற்பில் இரவு பத்து மணிக்கு மேல் ஆள் இருக்காது என்பதால் விடியற்காலை பஸ் பிடிக்கிறவர்கள் முந்தின நாளே அந்தக் கணக்கை முடித்துக்கொள்வது நல்லது. குளியலறை இரண்டு, காலை எட்டிலிருந்து ஒன்பது வரை வரிசை. வெந்நீர் மட்டும் தாராளமாக வரும், அதைக் குறை சொல்லவே முடியாது. கழிவறையைப் பற்றி நம் ஆட்கள் கேட்கத் தயங்குகிற கேள்விக்குப் பதில்: இல்லை, குழாய் கிடையாது, காகிதம்தான். காலி தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் அதுதான் வழி.

இன்னொரு பெரிய குறை, வெள்ளிக்கிழமை வந்த கும்பல். மலிவு விமானக் கட்டணம் வந்ததிலிருந்து கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளைத் தோழர்கள் கூட்டமாக வந்து குடித்துக் கூத்தடிக்கும் ஊர்களில் கிராகோவும் ஒன்று. அப்படிப்பட்ட குழுக்களைச் சேர்ப்பதில்லை என்று ஹாஸ்டலின் விதிமுறையிலேயே எழுதியிருந்தார்கள், ஆனாலும் தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டு ஒரு குழு எப்படியோ உள்ளே வந்துவிட்டது. ராத்திரி முழுக்கப் படி முனகல். காலையில் வரவேற்பில் புகார் சொன்னதும் எங்களை வேறு அறைக்கு மாற்றினார்கள், அவர்களை அல்ல. இது எனக்கு இன்னும் சரியாகப்படவில்லை. ஊர் நிர்வாகமே இந்தத் தொல்லையைப் பார்த்து 2023 ஜூலையிலிருந்து நள்ளிரவு முதல் காலை ஐந்தரை மணி வரை கடைகளில் மது விற்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. பார்களுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் ஊர் ஒன்றும் அடங்கிப் போய்விடவில்லை.

சரி, இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் ஐந்து நட்சத்திரம் என்றால், அந்தச் சமையலறைக்காகத்தான்.

பார்ப்பதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. நான்கு பர்னர் கேஸ் அடுப்பு, அதில் ஒன்று எரியாது. வெட்டாத கத்தி. பெரிய பாத்திரம் ஒன்றே ஒன்று, அதற்குத்தான் எப்போதும் போட்டி. ஆனால் நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும்படி நீளமான மரமேசை ஒன்று போட்டிருக்கிறார்கள், அறையில் வேறு மேசையே இல்லை, ஆகவே தனியாக மூலையில் போய் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வழியில்லை. அப்புறம் ஒரு அலமாரி. கிளம்பிப் போகிறவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போவதெல்லாம் அங்கே சேரும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்: பாதி பாஸ்தா பாக்கெட், உப்பு, எண்ணெய், தேயிலை, ஒரு தடவை யாரோ விட்டுப்போன சீரகம்கூட இருந்தது.

ஹாஸ்டல் பாரில் சந்திக்கிறவர்கள் எல்லோரும் மூன்றே கேள்விதான் கேட்பார்கள். எந்த ஊர், எத்தனை நாள், அடுத்து எங்கே. பதில் சொல்லி முடிப்பதற்குள் பாட்டுச் சத்தத்தில் காது போய்விடும், மறுநாள் பார்த்தால் முகம்கூட ஞாபகம் இருக்காது. சமையலறையில் அப்படி இல்லை. "அந்தப் பாத்திரம் எப்போது காலியாகும்?" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். பாத்திரம் காலியாகும்வரை பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கித்தான் ஆக வேண்டும். நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிற ஆள் இல்லை, என்னையே அந்த மேசை பேச வைத்துவிட்டது.

எங்கள் மேசையில் இருந்தவர்கள்: துருக்கியிலிருந்து சைக்கிளிலேயே வந்த ஒருவர், தினமும் மைசூர்ப் பருப்பை வேகவைத்து எலுமிச்சை பிழிந்து சூப்பாகக் குடிப்பார், நமக்கும் ஒரு கிண்ணம் நீட்டுவார். அர்ஜென்டினாவிலிருந்து ஒரு ஜோடி, வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார்கள், கையில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவை இல்லாமல் அவர்களைப் பார்க்க முடியாது. கொரியாவிலிருந்து ஒரு பெண், அதிகம் பேசமாட்டார், ஆனால் எல்லோருடைய தட்டையும் கழுவி வைத்துவிடுவார். வேல்ஸிலிருந்து ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற தபால்காரர், மனைவி இறந்தபின் வருடத்துக்கு ஒரு நாடு என்று வைத்திருக்கிறாராம். ஹாஸ்டல் என்றால் இருபது வயதுப் பிள்ளைகளுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சில இடங்களில் வயது வரம்பு வைத்து இவரைப் போன்றவர்களைச் சேர்ப்பதில்லை என்பதும் உண்மை. இங்கே அந்த வரம்பு இல்லை, அதுவே ஒரு பெரிய பலம். அந்த மேசையில் பேச்சு எப்போதெல்லாம் அசட்டுத்தனமாகப் போனதோ அப்போதெல்லாம் அதைத் திருப்பி விட்டவர் அவர்தான்.

சமைக்கப் போகும் நம்மூர்க்காரர்களுக்குச் சில விஷயங்கள். போலந்து சூப்பர் மார்க்கெட்டில் அரிசி நூறு நூறு கிராமாகத் துளை போட்ட பிளாஸ்டிக் பையில் வரும், பையோடு தண்ணீரில் போட்டு வேகவைக்க வேண்டும். பார்த்ததும் மனது ஒப்பாது, பையைக் கிழித்து நம் முறையிலேயே வடித்துக்கொள்ளுங்கள். மஷ்லான்கா என்று அட்டைப் பெட்டியில் கிடைப்பது அசல் மோர்தான், கொஞ்சம் கெட்டியாக இருக்கும், சாதத்தில் ஊற்றி உப்புப் போட்டால் வேறொன்றும் வேண்டியதில்லை. 2018-இல் கொண்டுவந்த சட்டத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் பெரிய கடைகள் திறக்காது, சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள், தவறினால் தெருவுக்குத் தெரு இருக்கும் ஜாப்கா கடைகள்தான் கதி. காய்கறிக்குப் பழைய நகரத்துக்கு வடக்கே ஸ்டாரி கிளெபாஜ் சந்தை நன்றாக இருக்கும். தாளிப்பதாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தாளியுங்கள், காய்ந்த மிளகாய் நெடிக்கு அந்த மேசையில் யாருக்கும் பழக்கமில்லை.

சமைக்கச் சோம்பலாக இருக்கிற நாளுக்கு பார் மிலெச்னி, அதாவது பால் பார். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இது மலிவுச் சாப்பாட்டுக்கடை. கம்யூனிஸ்ட் காலத்தில் நாடு முழுக்கப் பரவியது, இன்றும் இறைச்சி இல்லாத பதார்த்தங்களுக்கு அரசு மானியம் தருகிறது, அதனால் சைவக்காரர்களுக்குப் போலந்தில் இதைவிடக் கட்டுப்படியாகிற இடம் கிடையாது. கல்லாவில் சொல்லிப் பணம் கட்ட வேண்டும், ஜன்னலில் தட்டு வரும், சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். பட்டியல் சுவரில் பெரும்பாலும் போலிஷில்தான் இருக்கும், கல்லாவில் இருக்கிற அம்மாவுக்கு நம் ஆங்கிலத்தைக் கேட்கப் பொறுமை இருக்காது, விரலால் காட்டிவிட வேண்டியதுதான். உருளைக்கிழங்கும் புளித்த பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி கேளுங்கள், நம் காரக் கொழுக்கட்டையின் தூரத்துச் சொந்தம். ஒன்றே ஒன்று, அதன்மேல் பொரித்த பன்றிக் கொழுப்பைத் தூவித் தருவது வழக்கம், "பெஸ் ஸ்க்வாரெக்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பக்கத்து மேசையில் பென்ஷன் வாங்கும் பாட்டி, எதிரே கல்லூரிப் பையன், சுற்றுலாச் சதுக்கத்து உணவகங்களில் இந்தக் கலவையைப் பார்க்கவே முடியாது.

ஊர் சுற்றுவதற்கு, காலையில் சமையலறை மேசையிலேயே ஆள் சேர்ந்துவிடும். முதல் நாள் நாங்கள் நான்கைந்து பேர் இலவச நடைச் சுற்றுலாவுக்குப் போனோம். பேர்தான் இலவசம், வழிகாட்டிக்கு வருமானமே கடைசியில் நாம் கொடுக்கும் அன்பளிப்புதான், ஆகவே முடிவு வரும் நேரத்தில் கூட்டத்திலிருந்து நழுவிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தனியாக வந்திருந்தால் இந்தச் சுற்றுலாவுக்குக் கட்டாயம் போங்கள், உங்களைப் போலவே தனியாக நிற்கிற இரண்டு மூன்று பேர் அங்கே எப்போதும் இருப்பார்கள்.

பெரிய சதுக்கம், ரினெக் குவுவ்னி, 1257-இல் நகரத்தை அளந்து கட்டியபோது போட்டது, ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 மீட்டர். அதன் மூலையில் மரியாள் தேவாலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து மணிக்கு ஒரு தடவை எக்காளம் ஊதுகிறார்கள், இரவு பகல் பாராமல், நான்கு திசைக்கும் ஒவ்வொரு தடவை. பாட்டு பாதியில் சட்டென்று நின்றுவிடும். 1241-இல் மங்கோலியப் படை வந்தபோது ஊதிக்கொண்டிருந்த காவல்காரன் தொண்டையில் அம்பு பட்டதால் அப்படி என்று கதை சொல்வார்கள், கதை பிற்காலத்தில் கட்டியது என்றும் வழிகாட்டியே சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்தது கதையைவிட, ஊதுகிறவர்கள் தீயணைப்புத் துறை ஊழியர்கள் என்பதும், மதியம் பன்னிரண்டு மணிக்கு ஊதுவது போலந்து வானொலியில் நேரடியாக வருகிறது என்பதும்தான். துருக்கி சைக்கிள்காரர் கையை ஆட்டினார், மேலேயிருந்து எக்காளக்காரரும் கையை ஆட்டினார். அது அங்கே வழக்கமாம்.

பழைய மதில் இருந்த இடத்தையெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் இடித்துத் தோட்டமாக்கியிருக்கிறார்கள், பிளான்டி என்று பெயர், பழைய நகரத்தைச் சுற்றிச் சுமார் நான்கு கிலோமீட்டர். நீல வண்டியில் விற்கும் ஒப்வஜானெக் என்கிற முறுக்கிய வளைய ரொட்டியை வாங்கிக் கடித்துக்கொண்டே நடக்கலாம். இவ்வளவு பழமையும் எப்படித் தப்பியது என்ற கேள்வி தானாக வரும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் தாங்கள் பிடித்த போலந்தின் நடுப்பகுதிக்கு இந்த ஊரையே தலைநகராக்கி, வாவெல் கோட்டையில் ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்கை உட்கார வைத்திருந்தார்கள். வார்சாவைத் தரைமட்டமாக்கினார்கள். இந்த ஊர்க் கட்டடங்கள் பிழைத்தன, யூதர்கள் பிழைக்கவில்லை. போருக்கு முன் ஊரில் நாலில் ஒருவர் யூதர். 1941 மார்ச்சில் அவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொட்கூஜெவில் அடைத்தார்கள், 1943 மார்ச்சில் அந்த அடைப்பையும் காலி செய்தார்கள். அங்கே சதுக்கத்தில் வெண்கல நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன, ஆள் இல்லாமல். டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன்மேல் உட்கார்ந்து டிராமுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு.

இந்த ஊருக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் ஒரு நாள், நாஜிகளின் கொலை முகாமாக இருந்த ஆஷ்விட்ஸுக்குப் போவார்கள். சுமார் 70 கிலோமீட்டர், மேற்கே. கிராகோவில் முகவர்கள் ஒரே நாளில் ஆஷ்விட்ஸும் வியெலிச்கா உப்புச் சுரங்கமும் சேர்த்துப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். வாங்காதீர்கள். 11 லட்சம் பேரைக் கொன்ற இடத்திலிருந்து வெளியே வந்து ஒன்றரை மணி நேரத்தில் உப்பில் செதுக்கிய சரவிளக்கைப் போட்டோ எடுப்பது என்ன மாதிரியான நாள் என்று எனக்குப் புரியவில்லை. நினைவிடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் அதன் சொந்த இணையதளத்தில் முன்கூட்டியே நேரம் பதிவு செய்ய வேண்டும், வழிகாட்டிக்கு மட்டும் கட்டணம், கிராகோவ் பஸ் நிலையத்திலிருந்து நேரடிப் பஸ்ஸும் இருக்கிறது. பெரிய முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள், ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அன்று சாயங்காலம் சமையலறை எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு ஹாஸ்டலை எடைபோட அதைவிட நல்ல நேரம் கிடையாது. காலையில் போன ஐந்தாறு பேர் திரும்பி வந்திருந்தார்கள், அவர்களில் நானும் ஒருவன். மேசையில் இருந்த மற்றவர்கள் "எப்படி இருந்தது?" என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவர்களும் போய் வந்தவர்கள் அல்லது நாளைக்குப் போகிறவர்கள். கொரியப் பெண் பெரிய பாத்திரத்தில் நூடுல்ஸ் வைத்து எல்லோருக்கும் ஊற்றினார். தபால்காரர் தன் அப்பா போரில் இருந்ததைப் பற்றிச் சொன்னார், நீளமாகச் சொல்லவில்லை. அர்ஜென்டினாப் பெண் தங்கள் நாட்டில் ராணுவ ஆட்சியில் ஆட்கள் காணாமல் போனதைச் சொன்னார், அவர் மாமா ஒருவரும் அதில் உண்டாம். நான் ஈழத்தைப் பற்றிச் சொன்னேன். அறையில் யாருக்கும் முள்ளிவாய்க்கால் என்ற பெயர் தெரியாது, வரைபடத்தில் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். இரவு பதினொன்று வரை யாரும் எழுந்திருக்கவில்லை. அதே நேரம் கீழே தெருமுனையிலிருந்த பார் ஹாஸ்டல் ஒன்றிலிருந்து கரோக்கி சத்தம் வந்துகொண்டிருந்தது. அங்கே தங்கியிருந்தால் ஆஷ்விட்ஸிலிருந்து வந்த அன்று நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை, அநேகமாகப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பேன்.

அதற்கு மறுநாள் யாருக்கும் பழைய நகரம் பார்க்க மனமில்லை, டிராம் பிடித்து நோவா ஹூட்டா போனோம். இரும்பாலைக்காக கம்யூனிஸ்ட் அரசு 1949-இல் கட்டத் தொடங்கிய மாதிரி நகரம், அகலச் சாலை, வரிசை வரிசையாக ஒரே மாதிரி குடியிருப்புகள், நிறைய மரம். அங்கே 1973-இல் வைத்த லெனின் சிலையை 1989-இல் எடுத்துவிட்டார்கள், நடுச் சதுக்கத்துக்கு இப்போது முன்னாள் அமெரிக்க அதிபர் ரீகன் பெயர். தேவாலயமே இல்லாத ஊராக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள், மக்கள் விடாமல் போராடி 1977-இல் கப்பல் வடிவத்தில் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டார்கள். சைக்கிள்காரர் ஒரு சாதாரணக் குடியிருப்பின் முற்றத்தில் உட்கார்ந்து தக்காளி நறுக்கினார், அங்கேயே மதியச் சாப்பாடு. டிராமில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் பெட்டியில் முத்திரை அடிக்கவும் வேண்டும், பரிசோதகர்கள் எப்போது வேண்டுமானாலும் ஏறுவார்கள்.

வேறு என்ன. இரவில் பசித்தால் பிளாட்ஸ் நோவி சதுக்கத்தில் நடுவே ஒரு வட்டக் கட்டடம், சுற்றிலும் சின்னச் சின்ன ஜன்னல், ஒவ்வொன்றிலும் ஸாபியெகாங்கா விற்பார்கள்: நீள ரொட்டியைப் பிளந்து காளானும் சீஸும் வைத்துச் சுட்டது. முன்பு யூதர்கள் கோழி அறுக்கும் கூடமாக இருந்ததாம் அது. வெயில் காலத்தில் போனால் ஜாக்ஷூவெக் என்ற பழைய கல்குவாரியில் 2023-இல் திறந்த மிதக்கும் நீச்சல் குளங்கள் இருக்கின்றன. மாலையில் கிராகுஸ் மண்மேட்டில் ஏறலாம், கட்டணம் இல்லை, ஊரே தெரியும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு மூச்சுத்தொல்லை இருந்தால் யோசித்துப் போங்கள், நகருக்குள் நிலக்கரியும் விறகும் எரிக்க 2019 செப்டம்பரிலிருந்து தடை இருந்தாலும் சுற்றுவட்டாரத்துப் புகை பள்ளத்தாக்கில் வந்து தங்கிவிடும்.

இந்த மாதிரி ஹாஸ்டல் யாருக்கு வேண்டாம் என்றால், சின்னக் குழந்தையோடு வருகிறவர்களுக்கு வேண்டாம். லேசான சத்தத்துக்கே விழித்துக்கொள்கிறவர்களுக்கு வேண்டாம். முழங்கால் வலி இருப்பவர்கள் அந்தப் படியை மறந்துவிடுங்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் இன்னும் கொஞ்சம் பணம் போட்டுத் தனி அறை எடுத்துக்கொண்டு, சமையலுக்கு மட்டும் மேசைக்கு வரலாம், அந்த ஏற்பாடும் அங்கே உண்டு.

பதிவு செய்யும்போது குறிப்புப் பெட்டியில் இரண்டு வரி எழுதுங்கள்: தெருப்பக்க அறை வேண்டாம், கீழ்க் கட்டில் வேண்டும். விடிந்ததும் விடியாததுமாக டிராம் ஓட ஆரம்பித்துவிடும், கண்ணாடி அதிரும். வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள், விலையும் குறையும். லாக்கருக்குப் பூட்டை இங்கிருந்தே எடுத்துப் போங்கள், வரவேற்பில் விற்கிறார்கள், ஆனால் அந்த விலைக்கு பால் பாரில் இரண்டு வேளை சாப்பிட்டுவிடலாம்.